பூவேலை இல்லாத துப்பாக்கியை யார் வச்சிருப்பாங்க?

அமெரிக்காவுல பழைய லீவர் துப்பாக்கி சேகரிக்கிறவங்க ஏராளம். விசையைச் சுத்தி இருக்கிற வளையத்தைக் கீழ தள்ளி மறுபடி இழுத்தா, சுட்ட தோட்டாவோட கூடு தெறிச்சு விழும், அடுத்த தோட்டா தானா உள்ள ஏறிடும். (கர்ணன் எடுத்த ஜெய்சங்கர் கவ்பாய் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம்.) 1860-ல வந்த ஹென்றி, அதுக்கப்புறம் 1866, 1873, 1886 மாடல் வின்செஸ்டர்கள், இதெல்லாம் அவங்களுக்குப் புதையல். அதுலயும் இரும்புல மான், கரடி, காட்டெருமை, கொடின்னு உளியால செதுக்கினதுக்குத்தான் தனிக் கிராக்கி. வின்செஸ்டருக்காகச் செதுக்கின உல்ரிச் சகோதரர்கள், நியூயார்க்ல இருந்த நிம்ஷ்கே, இவங்க கைபட்ட துப்பாக்கின்னா விலை எங்கயோ போயிடும். உண்மையிலேயே அழகான வேலை அது. இரும்பு மேல அவ்வளவு மெல்லிசா கோடு போடுறவங்களை மதிக்காம இருக்க முடியாது.

ஆனா நாகப்பட்டினத்துல உட்கார்ந்து இதைப் படிக்கிற நமக்கு இதுல ஒரு பெரிய விஷயம் இருக்கு. நம்ம பக்கத்துலயே, தஞ்சாவூர் அரண்மனையில, நாயக்கர் காலத்துல இருந்து சேர்ந்த ஒரு ஆயுதசாலை இருந்தது. அதை 1860கள்ல கலைச்சாங்க. பார்க்க நல்லா இருந்ததை மதராஸ் மியூசியத்துக்குப் பொறுக்கி எடுத்துக்கிட்டு, மீதியை உடைச்சுப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிட்டாங்க. நான் சொல்ல வர்றது இதுதான்: அலங்காரத்தைப் பார்த்து மட்டும் ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கிற அந்தக் கண்ணுதான் தஞ்சாவூர் ஆயுதசாலையை நமக்கு இல்லாமப் பண்ணிச்சு. அந்தக் கண்ணு இன்னும் மாறலை. சேகரிக்கிறவங்ககிட்டயும் மாறலை, நம்மகிட்டயும் மாறலை.

முதல்ல நடந்ததைப் பார்ப்போம். 1799 ஒப்பந்தத்துல இரண்டாம் சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிகிட்ட விட்டுட்டார். கோட்டையும் அரண்மனையும் மட்டும் அவர் கையில. படை நடத்துற வேலையே இல்லாத ராஜாவோட ஆயுதசாலை, அப்பவே தூசி படிய ஆரம்பிச்சிருக்கணும். 1855-ல அவர் மகன் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாம இறந்தார். கம்பெனி அரண்மனைச் சொத்து முழுக்கக் கையில எடுத்துக்கிச்சு. ராணி காமாட்சி பாய் விடலை, வழக்கு போட்டாங்க. மதராஸ் சுப்ரீம் கோர்ட்ல அவங்க பக்கம்தான் தீர்ப்பு வந்தது. ஆனா 1859-ல லண்டன் பிரிவி கவுன்சில், இது ஒரு அரசு இன்னொரு அரசு மேல செஞ்ச காரியம், எந்தக் கோர்ட்டும் விசாரிக்க முடியாதுன்னு சொல்லி அந்தத் தீர்ப்பை மாத்திடுச்சு. அதாவது, இந்தப் பொருளெல்லாம் யாரோடதுன்னு கேட்க இடமே இல்லைன்னு ஆன பிறகுதான் ஆயுதசாலை மேல கை வச்சாங்க. மதராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த வால்ஹவுஸ்ங்கிறவர் 1878-ல ‘இந்தியன் ஆன்டிகுவரி’ பத்திரிகையில பழைய தஞ்சாவூர் ஆயுதசாலையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சேகரிப்பு எப்படி இருந்தது, எப்படிப் போச்சுன்னு நமக்குத் தெரியுறதுல பெரும் பகுதி அந்த ஒரு கட்டுரையால. (அதே 1878-லதான் லிட்டன் பிரபுவோட ஆயுதச் சட்டம் வந்து, இந்தியர் லைசென்ஸ் இல்லாம ஆயுதம் வைக்கக் கூடாதுன்னு ஆச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா மனசு கனத்துப் போகுது.)

இங்க ஒரு கேள்வி நியாயமா வரும். நல்லதை எடுத்துக் காப்பாத்தினாங்களே, அது போதாதா? எழும்பூர்ல இருக்கிற அந்த மியூசியத்துல இன்னைக்கும் தஞ்சாவூர்க் கட்டாரிகள் இருக்கு. கைப்பிடியை மூடுற மாதிரி எஃகுத் தகட்டை விரிச்சு, அதுல நுணுக்கமா ஓட்டை வெட்டி, யாளி முகம் வச்சிருக்காங்க. யானைப் பாகனோட அங்குசத்துல கூட ஒரு கோயில் தூணுக்கு உண்டான வேலை இருக்கு. இதெல்லாம் மிஞ்சினதுக்கு நன்றியோட இருக்க வேண்டியதுதானே?

நன்றி இருக்கட்டும். ஆனா மிஞ்சினது எதுக்குச் சாட்சின்னு யோசிக்கணும். அலங்காரக் கட்டாரி ராஜசபைக்குச் சாட்சி. தளபதி இடுப்புல தொங்கினதுக்கு, விழாவுல முன்னாடி தூக்கிட்டுப் போனதுக்குச் சாட்சி. வயக்காட்டுல இருந்து படைக்கு வந்த ஆளு கையில என்ன இருந்தது, அந்தக் கத்தி எவ்வளவு கனம், எத்தனை தடவை சாணை பிடிச்சுத் தேஞ்சது, உடைஞ்ச பிடியை எந்த ஊர்க் கொல்லன் எப்படி ஒட்டுப் போட்டுக் கொடுத்தான், திரி வச்சுச் சுடுற துப்பாக்கியோட குழாயை எப்படிச் சுருட்டினாங்க, இது எதுக்கும் அந்தக் கட்டாரி பதில் சொல்லாது. ஒரு பட்டறையில நூறு கத்தி அடிச்சா அதுல ஒண்ணு ரெண்டுலதான் பூவேலை இருக்கும். மத்ததுதான் அந்தப் பட்டறையோட உண்மையான கணக்கு. அந்தக் கணக்கைத்தான் உலையில போட்டுட்டாங்க.

அலங்காரம் இல்லாத இரும்பு எவ்வளவு பேசும்னு சந்தேகம் இருந்தா, தஞ்சாவூர் பீரங்கி மேட்டுக்கே போகலாம். அங்க நிக்கிற ராஜகோபால பீரங்கி 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்தது. சுமார் ஏழரை மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 22 டன் எடைன்னு கணக்கு. அதுல யாளியும் இல்லை, கொடியும் இல்லை. வெறும் இரும்பு உருளை, மேல வளையம் வளையமா. கான்பூர் ஐஐடி-யில இருந்த உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியமும் கூட இருந்தவங்களும் 2004-ல அதைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. இது வார்ப்பு இல்லை. நீளமான இரும்புப் பட்டைகளைக் குழாய் மாதிரி அடுக்கி, அது மேல வளையங்களைச் சூடா ஏத்தி, அடிச்சு அடிச்சே ஒண்ணாப் பத்த வச்சது. இவ்வளவு பெரிய உருப்படியை அப்படிச் செய்ய எத்தனை கொல்லர்கள் ஒரே தாளத்துல சம்மட்டி போட்டிருக்கணும்! வெயிலிலயும் மழையிலயும் இத்தனை வருஷம் நின்னும் அது இத்துப் போகலை. தஞ்சாவூர் இரும்பு வேலையைப் பத்தி இன்னைக்கு நமக்கு உறுதியாத் தெரிஞ்சதுல பெரிய பங்கு இந்த அழகில்லாத பீரங்கியால தெரிஞ்சது. இதுவும் நாலு பேர் தூக்கிட்டுப் போற சைஸ்ல இருந்திருந்தா காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

இன்னொரு ஒப்பீடு, அதே அரண்மனைக்குள்ளேயே. சரபோஜி சேர்த்து வச்ச சுவடிகளுக்கு என்ன ஆச்சு? மதராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த இன்னொருத்தர், ஏ. சி. பர்னெல், தஞ்சாவூர் அரண்மனையில இருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கு ஒரு வகைப்பட்டியல் போட்டார். அது 1880-ல அச்சாச்சு. அதுல அழகான சுவடி, அழுக்கான சுவடின்னு பிரிக்கலை. கிழிஞ்சதுக்கும் பட்டியல்ல இடம் உண்டு. 1918-ல சரஸ்வதி மகால் பொது நூலகமா ஆச்சு. இன்னைக்கும் தஞ்சாவூர்ல, அதே வளாகத்துல இருக்கு. ஒரே அரண்மனை, ஒரே வீழ்ச்சி, இருபது வருஷத்துக்குள்ள ரெண்டு முடிவு. ஓலையை அறிவுன்னு பார்த்தாங்க, அதனால பட்டியல் வந்தது, அதனால இருந்த இடத்துலயே நிலைச்சது. இரும்பை அழகு, குப்பைன்னு ரெண்டாப் பார்த்தாங்க. அழகு மதராஸுக்குப் போச்சு, குப்பை உலைக்குப் போச்சு. பூச்சி அரிக்கிற ஓலை தப்பிச்சு, எஃகு அழிஞ்சதுக்கு வேற காரணம் எனக்குத் தெரியலை.

இப்போ அமெரிக்காவுக்குத் திரும்புவோம், ஏன்னா அங்க இருந்து கத்துக்க வேண்டியது பூவேலை இல்லை, பேரேடு. வின்செஸ்டர் கம்பெனி கனெக்டிகட் மாநிலத்துல நியூ ஹேவன்ல இருந்தது. கிடங்குக்கு வந்து வெளியே போற துப்பாக்கியோட வரிசை எண், தேதி, குழாய் உருண்டையா எட்டுப்பட்டையா, சித்திர வேலை உண்டா, எல்லாம் பேரேட்டுல ஏறும். மிஞ்சின பேரேடுகள் இப்போ வயோமிங் மாநிலத்துல கோடிங்கிற ஊர்ல அருங்காட்சியகத்துல இருக்கு. அந்தப் பேரேட்டுல இருக்கிற எண்ணை எழுதிக் கேட்டா, பதிவுல என்ன இருக்குன்னு கடிதமாத் தருவாங்க. விலை ஏத்துறதுக்காகப் பிற்காலத்துல சாதாரணத் துப்பாக்கியில பூவேலை செதுக்கி விக்கிறது அந்தச் சந்தையில பழைய வியாதி. அதுக்கு மருந்து அந்தக் கடிதம்தான். பேரேட்டுல சித்திர வேலைன்னு இல்லாம, துப்பாக்கியில மட்டும் மான் ஓடிச்சுன்னா, கேள்வி வந்துடும். 1886 மாடல்ல வரிசை எண் 1 போட்ட ஒரு வின்செஸ்டர் 2016-ல ஏலத்துக்கு வந்தது. அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திப் போன அமெரிக்கப் படை கேப்டன் லாட்டனுக்கு நண்பர் ஒருத்தர் பரிசாக் கொடுத்தது. 12 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அந்த விலையைத் தூக்கினது எண்ணும் பேரும், அது யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சுங்கிற தொடர்ச்சியும்தான். அப்போ அலங்காரத்துக்கு மேல ஒண்ணு இருக்குன்னு அந்தச் சந்தைக்கே தெரியும். எண் 1-க்குப் பொருந்துறது மத்த எல்லா எண்ணுக்கும் பொருந்தும்னுதான் இன்னும் ஒத்துக்கலை.

அதுக்கும் சாட்சி அங்கேயே இருக்கு. 1876-ல லிட்டில் பிக்ஹார்ன் ஆத்தங்கரையில அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டரோட குதிரைப்படையை லகோட்டா, செயென் மக்கள் தோற்கடிச்சாங்க. 1983-ல அந்தக் களத்துல காட்டுத்தீ வந்து புல்லு எரிஞ்சு தரை தெரிஞ்சது. 1984-ல இருந்து தொல்லியலாளர்கள் தோட்டாக்கூடுகளைப் பொறுக்கினாங்க. ஒவ்வொரு துப்பாக்கியோட ஊசியும் கூட்டு மேல தனி அடையாளம் விடும். அதை வச்சு ஒரே துப்பாக்கி எங்க இருந்து எங்க நகர்ந்ததுன்னு வரைபடமே போட்டாங்க. பழங்குடி மக்கள் கையில ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தது, குதிரைப்படை வச்சிருந்தது ஒத்தைத் தோட்டா ஸ்பிரிங்ஃபீல்டுன்னு மண்ணே சொல்லிடுச்சு. நூறு வருஷமா வெள்ளைக்காரத் தரப்புக் கதையா இருந்ததுக்கு எதிரா, தோத்துப்போன இனம்னு சொல்லப்பட்டவங்க பக்கத்துச் சாட்சியம் எடுபட்டது இப்படித்தான். அதைச் செஞ்சது கண்ணாடிப் பெட்டியில படுத்திருக்கிற தங்கமுலாம் துப்பாக்கி இல்லை. வெறும் சாதாரணத் துப்பாக்கிங்க கக்கிப்போட்ட கூடு.

சரி, வின்செஸ்டருக்குப் பேரேடு இருந்தது, நமக்கு ஏது? இதுதான் பலமான ஆட்சேபம். பதில் தஞ்சாவூர்லயே மூட்டை மூட்டையா இருக்கு. மராட்டிய அரண்மனையோட தினக்கணக்கு, சம்பளம், கொள்முதல், கடிதம் எல்லாம் மோடிங்கிற பழைய மராத்தி எழுத்துல எழுதி வச்சது. அதுல ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989-ல ‘தஞ்சை மராட்டிய மன்னர் மோடி ஆவணத் தமிழாக்கமும் குறிப்புரையும்’னு தொகுதிகளா வெளியிட்டிருக்கு. மதராஸ் அரசாங்கத்தோட 19ஆம் நூற்றாண்டு நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இருக்கு. கட்டாரி இருக்கிற மியூசியமும் எழும்பூர்லதான்! ஒரு ஊருக்குள்ள பொருள் ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம்னு கிடக்கு. கொல்லனுக்குக் கொடுத்த கூலி, வாங்கின எஃகு, சாணைக்காரன் சம்பளம், இந்த மாதிரி வரிகளைத் தேடி எடுத்துப் பொருளோட சேர்த்துப் படிக்கிறவங்க வேணும்.

இதுல நாகப்பட்டினத்துக்கு ஒரு தனி உரிமையே உண்டுன்னு சொல்வேன். தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலதுல பிடிதான் நம்ம ஊர் வேலை, அலகு ஐரோப்பாவுல இருந்து வந்தது. நீளமான வாளை வெட்டி, ஆணி அடிச்சுப் பிடியோட சேர்த்திருப்பாங்க. இத்தாலி, ஜெர்மனிப் பட்டறை முத்திரைகளை அதுல பார்க்கலாம். அந்த அலகெல்லாம் கடல் வழியாத்தான் இந்தக் கரையில இறங்கியிருக்கும். போர்த்துகீசியர் இருந்த நாகப்பட்டினத்தை 1658-ல டச்சுக்காரங்க பிடிச்சாங்க, 1690 வாக்குல சோழமண்டலக் கரைக்கே தலைமை இடமா ஆக்கினாங்க, 1781-ல ஆங்கிலேயர்கிட்ட இழந்தாங்க. வடக்கே தரங்கம்பாடியில 1620-ல இருந்து டேனிஷ்காரங்க. டச்சுக் கம்பெனி எழுதாத விஷயம் கிடையாது. அவங்க ஆவணங்கள் ஹேக் நகரத்துல பத்திரமா இருக்கு, யுனெஸ்கோவோட உலக நினைவுப் பட்டியல்லயும் இருக்கு. பூவேலை இல்லாத ஒரு மொட்டை அலகுல இருக்கிற முத்திரையையும், எந்தக் கப்பல் எந்த வருஷம் எத்தனை அலகு இறக்கிச்சுங்கிற வரியையும் பொருத்த முடிஞ்சா, ஒரு கத்தியோட முழுப் பயணமும் கையில கிடைக்கும். ஆனா பொருத்துறதுக்கு அலகு வேணும், ஏராளமான அலகு வேணும். பிடி அழகா இருக்கிற பத்து உருப்படியை வச்சு ஒரு வியாபாரத்தோட வரலாற்றை எழுத முடியாது.

கொலைக் கருவியை எதுக்குக் கொண்டாடணும்னு கேக்கிறவங்களையும் நான் ஒதுக்க மாட்டேன். அமெரிக்க எல்லைப்புறம்னு சொல்றது ஒரு மக்களோட நிலத்தைப் பிடுங்கின காலம். அதுல பளபளன்னு செதுக்கின துப்பாக்கியை மட்டும் வரிசையா மாட்டி வச்சா, அந்தப் பிடுங்கல் ஒரு நகைக்கடை மாதிரி மின்னும். அதனாலதான் அலங்காரத்தை மட்டும் சேகரிக்கிறது ஆபத்துன்னு நான் சொல்றதே. அடிபட்ட, தேஞ்ச, கட்டுக்கம்பி சுத்தின துப்பாக்கியும் பக்கத்துல இருந்தாத்தான் அது எதுக்குப் பயன்பட்டதுன்னு தெரியும். நம்ம பக்கமும் அப்படித்தான். பாளையக்காரர் போருக்கு அப்புறம் 1801 டிசம்பர்ல மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் போட்ட அறிவிப்பு தெற்குச் சீமை மக்கள்கிட்ட இருந்த ஆயுதங்களைப் பறிக்கச் சொன்னது. அப்படிப் பறிச்சது ராஜாவோட யாளிக் கட்டாரிகளை இல்லை; குடியானவன் வீட்டுல இருந்த ஈட்டி, வாள், நாட்டுத் துப்பாக்கி. அதுல ஒண்ணு ரெண்டாவது பேரோட, ஊரோட கண்ணாடிக்குப் பின்னாடி இருந்தா, பிள்ளைங்களுக்கு அந்த வருஷத்தை விளக்க வேற பாடம் வேண்டாம். ஆயுத பூஜைக்கு நாம சந்தனம் வைக்கிறது பூவேலை பார்த்தா? வேலை பார்த்த அரிவாள், மம்பட்டி, ஸ்பேனர் எல்லாத்துக்கும்தானே.

தனியார் சேகரிப்பைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன்னு ஒரு அமெரிக்கர், உலகம் பூரா ஆயுதம் சேர்த்தவர். அவர் 1935-ல இறந்தப்போ நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குத் தன் ஆயுதச் சேகரிப்பை எழுதி வச்சார். அந்த மியூசியத்துல இருக்கிற தஞ்சாவூர்க் கட்டாரிகள்ல பல அவர் வழியா வந்தது. சேகரிப்பாளர்னாலே கொள்ளைக்காரர்னு ஒரே கோடு போடுறதை நான் ஏத்துக்கலை. காசு கொடுத்து வாங்கி, குறிப்பு எழுதி, பொது இடத்துல விட்டுப் போனவங்க இல்லைன்னா இதுல பாதி எப்பவோ உருகியிருக்கும். ஆனா ஒவ்வொரு கை மாறும்போதும் தஞ்சாவூர்ங்கிற பேர் மட்டும் மிஞ்சி, எந்த அறை, எந்த ராஜா காலம், யார் கிட்ட இருந்து வந்ததுங்கிறதெல்லாம் உதிர்ந்து போச்சு. இங்க சட்டம் ஓரளவு நல்லாவே இருக்கு. 1959 ஆயுதச் சட்டத்தோட 45ஆம் பிரிவு, பழைய மாதிரியில இருக்கிற, இல்லைன்னா தொல்பொருள் மதிப்புள்ள, ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு விலக்கு கொடுக்குது. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டினது தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அதனால பரண்ல கிடக்கிற துருப்பிடிச்ச நாட்டுத் துப்பாக்கியை யாருக்கும் தெரியாம ஆத்துல எறியணும்னோ, எடைக்குப் போடணும்னோ அவசியமில்லை. சுடுமா சுடாதாங்கிறதை மட்டும் நாமளே முடிவு பண்ணாம, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துலயோ அருங்காட்சியகத்துலயோ காட்டிக் கேட்கிறதுதான் சரி.

மியூசியத்துல இடம் இல்லை, எல்லாத்தையும் எங்க வைக்கிறதுன்னு கேக்கலாம். எல்லாத்தையும் கண்ணாடிப் பெட்டியில வைக்கச் சொல்லலை. பட்டியல்ல வைக்கச் சொல்றேன். ராபர்ட் எல்குட் 2004-ல வெளியிட்ட புத்தகத்துல தென்னிந்திய ஆயுதங்களையும் சென்னை மியூசியச் சேகரிப்பையும் ரொம்ப உழைச்சு எழுதியிருக்கார். அந்த உழைப்பைத் தமிழ்ல, இலவசமா, நாகூர்ல இருக்கிற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போன்ல திறந்து பார்க்கிற மாதிரி நீட்டணும். எழும்பூர்ல இருக்கிறது, நியூயார்க்ல இருக்கிறது, லண்டன்ல இருக்கிறது, எல்லாத்துக்கும் ஒரே பட்டியல். ஒவ்வொரு உருப்படிக்கும் நீளம், எடை, அலகுல முத்திரை, ஒட்டுப் போட்ட இடம், துருவோட படம், யார் கை மாறி வந்ததுங்கிற விவரம். பூவேலை இருந்தா அதுக்கும் ஒரு வரி. அந்த வரியை எட்டாவதா, ஒன்பதாவதா வைக்கலாம்.